அரை ஆழாக்குப் பருப்பு

அன்புள்ள அக்கா,

எனக்கு 26 வயது, எடை 60 கிலோ, ஊர் திண்டுக்கல். இரண்டரை வருடமாக வீகன். பால், தயிர், நெய், தேன் எதையும் தொடுவதில்லை. அப்பா, அம்மா, தம்பி மூவருக்கும் ஞாயிறு மட்டன், புதன் மீன், நடுவில் முட்டை. சாயங்காலம் பஜ்ஜி, வாரம் இரண்டு இரவு பரோட்டா பார்சல். அப்பாவுக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சாப்பிடுகிறார். ஆடு வெட்டும் வீடியோ காட்டினேன், சண்டை போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. "தயிர்கூட வேண்டாம்னா உனக்கு என்னத்தத்தான் ஆக்கிப் போட" என்று அம்மா அழுகிறார். நான் சாப்பிடுவது: காலை ஐந்து இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல். மாலை கடுங்காப்பி, சிப்ஸ் அல்லது பிஸ்கட். இரவு மூன்று தோசை, எண்ணெய் விட்ட பொடி. கொஞ்ச நாளாக அசதி, கால்விரல்களில் மரமரப்பு. பால் குடிக்காததால்தான் என்கிறார் அம்மா. கறி ஆக்கிய சட்டியில் எனக்குச் சமைக்கலாமா? இவர்களை எப்படி மாற்றுவது?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

முதலில் கால்விரல். கடிதத்தின் வாலில், அம்மாவின் புலம்பலோடு சேர்த்து அதைச் செருகியிருக்கிறீர்கள். இரண்டரை வருடம் பாலும் முட்டையும் இல்லாமல் இருக்கும் ஒருவருக்குக் கால் மரத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வைட்டமின் பி12. கடிதம் முழுக்கத் தேடிவிட்டேன், பி12 மாத்திரை என்ற சொல்லே இல்லை. வீடியோ தேடிக் காட்ட நேரம் இருந்திருக்கிறது, இதைப் படிக்க இல்லையா?

ஈரல் இந்தச் சத்தை வருடக்கணக்கில் சேமித்து வைத்திருக்கும். அதனால்தான் முதல் வருடம் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று மார்தட்ட முடிகிறது. கீரையும் பருப்பும் ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமினைக் கொடுத்துக்கொண்டே இருப்பதால் ரத்தசோகை வெளியில் தெரியாமல், நரம்பு மட்டும் உள்ளே கெடலாம். பழைய சோற்றில் இருக்கிறது, இட்லி மாவில் இருக்கிறது, சுருள்பாசியில் (ஸ்பைருலினா) இருக்கிறது என்று வாட்ஸப்பில் வருவதையெல்லாம் விட்டுவிடுங்கள். நம்பி இருக்கும்படியான அளவு எதிலும் கிடையாது. இந்த வாரமே ரத்தத்தில் பி12 பாருங்கள். பார்க்கும்வரை பி-காம்ப்ளெக்ஸ் எதையும் விழுங்காதீர்கள், கணக்கு குழம்பிவிடும். குறைவாக இருந்து மரமரப்பும் இருந்தால் பெரும்பாலும் ஊசிதான் போடுவார்கள், அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார். அது சரியான பிறகு ஆயுசுக்கும் மாத்திரை: தினம் 10 மைக்ரோகிராமாவது, இல்லையென்றால் வாரத்துக்கு 2000. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே ஏன் இவ்வளவு தூரம் என்றால், குடல் ஒரு வேளைக்கு ஒன்றரை, இரண்டு மைக்ரோகிராம்தான் ஒழுங்காக வாங்கும். மிச்சத்தில் நூற்றுக்கு ஒன்று கசிந்து உள்ளே போகும். கேப்ஸ்யூல் உறை பெரும்பாலும் ஜெலட்டின், அதாவது மாட்டு எலும்பு, தோல் சமாச்சாரம். உங்கள் கொள்கைக்கு மாத்திரை வடிவமே கேளுங்கள்.

அம்மா சொன்னதில் பாதி சரி, அதை அவரிடம் ஒப்புக்கொள்ளுங்கள். பாலில் பி12 உண்டு.

இன்னொருவருக்கும் இதே சோதனை வேண்டும். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்குக் குடல் பி12-ஐ வாங்குவது குறையும். உங்கள் அப்பாவுக்கு எட்டு வருடம். அவருக்கும் கால் எரிச்சல், மரப்பு இருந்தால் "சர்க்கரைக் கால்" என்று வீட்டில் தள்ளிவிட்டிருப்பீர்கள். வாராவாரம் மட்டன் தின்கிற அப்பாவும் அதைத் தொடாத நீங்களும் ஒரே குறையோடு ஒரே வீட்டில் உட்கார்ந்திருக்கலாம்.

சட்டி: சோப்புப் போட்டுக் கழுவிய எவர்சில்வர் பாத்திரத்தில் ஆடு ஒளிந்திருக்காது. மண்சட்டி மசாலாவை இழுத்துக்கொள்ளும், தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான் அந்தக் கேள்வி.

இனி, உங்கள் கடிதம் வருவதற்கு முன்பிருந்தே என்னைக் குடைந்துகொண்டிருக்கிற விஷயம். தமிழ் வீட்டில் கறி தின்பவர் தட்டுக்கும் வீகன் தட்டுக்கும் என்ன வித்தியாசம்? ஞாயிறு மதியம் ஆளுக்கு நூற்றைம்பது கிராம் கறி, உங்கள் வீட்டில் கூடவே புதன் மீன், நடுவில் முட்டை. மீதி எல்லா வேளையும் ஒரே சோறு, ஒரே தண்ணிச் சாம்பார், ஒரே எண்ணெய். அப்பாவின் சர்க்கரையை ஞாயிற்றுக்கிழமை ஆடு ஏற்றுகிறது என்றால் திங்கள் முதல் சனி வரை ஏற்றுவது யார்? ஆட்டுக்காக நீங்கள் எடுத்த முடிவு நியாயமானது. அதையே உடம்புக்கான வாதமாக வேஷம் கட்டி அப்பாவிடம் விற்கப் பார்க்கிறீர்கள். உங்கள் தட்டைப் பார்த்தால் அவர் எப்படி வாங்குவார்?

கணக்குப் போடுவோம். ஐந்து இட்லியில் புரதம் எட்டு முதல் பத்து கிராம். நூற்றைம்பது கிராம் அரிசியை வடித்த சோற்றில் பதினொன்று. நான்கு பேர் சாம்பாருக்கு வழக்கமாக விழுவது நூறு கிராம் துவரம்பருப்பு, அதில் 22 கிராம் புரதம், உங்கள் பங்கு ஐந்தரை. அதுவும் முழுதும் ஒரே நாளில் தீர்ந்தால். மூன்று தோசையில் ஏழு. சட்னி, கிழங்கு, சிப்ஸ் எல்லாவற்றையும் கூட்டினாலும் நாற்பதைத் தாண்டுவது கஷ்டம். கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கு, உங்களுக்கு 50. போதாததற்கு இதில் பாதிக்கு மேல் அரிசிப் புரதம், உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத லைசின் என்ற அமினோ அமிலம் அதில் குறைவு. லைசின் எங்கே இருக்கிறது? பருப்பிலும் பயறிலும். கறியை விட்டீர்கள், பாலை விட்டீர்கள், அந்த இடத்தில் உருளைக்கிழங்கை உட்கார வைத்தீர்கள். அசதி வராமல் என்ன செய்யும்?

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் திருத்திய வழிகாட்டலில் ஒரு நாளைக்கு ஒருவருக்குப் பருப்பு, பயறு வகை 85 கிராம் வைத்திருக்கிறது. உலர்ந்த எடை. அரை ஆழாக்குக்குச் சற்று மேல், ஆளுக்கு! உங்கள் வீட்டில் நாலு பேருக்கே அந்த அளவைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகப் போகிறது. முதல் வேலையாக, நாளைக்குச் சாம்பார் வைக்கும்போது தராசில் நிறுத்துப் பாருங்கள். நூறை இருநூறாக்கச் சொல்லுங்கள். அம்மா "கெட்டியா கூட்டு மாதிரி இருக்குமே" என்பார். இருக்கட்டும், கரண்டியில் அள்ளி வைத்துச் சாப்பிடுங்கள்.

இரண்டாவது, பஜ்ஜி நேரம். உங்களுடைய சிப்ஸும் அவர்களுடைய பஜ்ஜியும் ஒரே எண்ணெய்ச் சட்டியின் பிள்ளைகள்தான். நாலரை மணிக்குச் சுண்டல் தயாராக இருந்தால் பஜ்ஜிக்கு மாவு கரைக்கும் கை பாதி நாள் சும்மா இருக்கும். கறிக்கு எதிராகப் பேசவே வேண்டாம், சுண்டல் எந்தக் கறியோடும் சண்டைக்குப் போகாது. நாலு பேருக்கு 200 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலை. இரவே ஊறப்போடுங்கள், பத்து மணி நேரம், தண்ணீர் மூன்று மடங்கு, அதில் ஒரு தேக்கரண்டி உப்பு. ஊறும்போது உப்புப் போட்டால் வேகாது என்பது வீண் பயம், உப்புத் தண்ணீரில் ஊறினால் தோல் இளகும். ஊறிய நீரைக் கொட்டிவிடுங்கள், வயிற்று உப்புசம் கொஞ்சம் குறையும்.

பிறகும் கல்லாக நிற்கிறதா? மூன்று காரணம். ஒன்று போர் தண்ணீர். திண்டுக்கல் பக்கம் பல இடங்களில் தண்ணீர் கடினம், அதிலிருக்கும் கால்சியம் பயறின் தோலைக் கரையவிடாது. கேன் தண்ணீரில் ஊறவைத்து வேகவையுங்கள். இரண்டு, புளியோ தக்காளியோ முன்கூட்டியே விழுந்திருக்கும். புளிப்பு பட்டால் பயறு சீக்கிரம் வேகாது, மலர்ந்த பிறகுதான் புளி. மூன்று, சரக்கு பழசு. வருடம் தாண்டிய கடலை எத்தனை விசிலுக்கும் மசியாது. அப்படிப்பட்டதற்குச் சிட்டிகை சமையல் சோடா போடலாம், பி1 வைட்டமின் கொஞ்சம் போகும், தினப்படி வழக்கமாக்காதீர்கள். குக்கரில் முதல் விசில் வந்ததும் தணலைக் குறைத்து இருபது நிமிஷம். தாளிக்க நாலு பேருக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெய் போதும். இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள், கடலையின் இரும்பு உடம்பில் சேர அது வேண்டும். உங்கள் கடுங்காப்பியை அதற்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், சேர்த்துக் குடித்தால் அந்த இரும்பில் நிறைய வீண்.

பழக்கமில்லாத வயிறு முதல் பத்து நாள் முனகும். கால் கப்பில் தொடங்கி ஏற்றுங்கள். ஒரேயடியாக ஒரு கிண்ணம் தின்றுவிட்டு "எனக்குப் பயறு ஒத்துக்கொள்ளவில்லை" என்று எழுதாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை. அம்மா மட்டன் குழம்புக்கு வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு வதக்கி மசாலாத்தூள் சேர்த்து எண்ணெய் பிரியும் இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். கறி விழும் முன் இரண்டு குழிக்கரண்டி எடுத்துத் தனிச் சட்டியில். அம்மாவின் கைமணம் முழுதும் அதில் இருக்கும், அவருக்குத் தனிச் சமையலும் இல்லை. அழுகைக்கு அதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை. அதில் என்ன போடுவது? மொச்சை போடலாம், உங்கள் ஊர்ப்பக்கத்துக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மீல் மேக்கர் என்றால் ஆளுக்கு 30 கிராம், அதில் பதினைந்து கிராம் புரதம். உப்புப் போட்ட கொதிநீரில் பத்து நிமிஷம் விட்டு, பச்சைத் தண்ணீரில் இரண்டு முறை அலசிப் பிழியுங்கள். பிழியாமல் போட்டால் பயறு வாடை போகாது, உள்ளே மசாலாவும் ஏறாது. உலர்ந்ததையே நேராகக் கொட்டினால் குழம்பை முழுக்க உறிஞ்சிவிட்டு அடியில் பிடிக்கும். பலாக்காயும் காளானும் ருசிக்கு நல்லது, கறி மாதிரியே இருக்கும். ஆனால் புரதக் கணக்கில் பலாக்காய் வெறும் காய்தான், ஏமாறாதீர்கள்.

பஜ்ஜி எண்ணெய் பற்றி ஒன்றே ஒன்று. மாதம் ஐந்து லிட்டர் வாங்கும் நாலு பேர் வீட்டில் ஆளுக்குத் தினம் 38 கிராம் ஆகிறது, வழிகாட்டல் சொல்வது 27. சிறிய வாணலிக்கு மாறுங்கள். கால் லிட்டரில் பொரித்தால் மிஞ்சுவது கொஞ்சம், அதை மறுநாள் தாளிப்பில் தீர்த்துவிடலாம். பழைய எண்ணெயில் புதிதை ஊற்றிப் பெருக்குவதுதான் பாவம். நுரை கட்டினால், சீக்கிரம் புகைந்தால், விரலில் பிசுபிசுத்தால் கொட்டிவிட வேண்டும். பரோட்டாவைப் பற்றி நான் பேசப்போவதில்லை. உங்கள் தம்பியிடம் இருந்து அதைப் பிடுங்க முடியாது.

அப்பாவிடம் ஒரே மாற்றம் கேளுங்கள், வரிசையை. முதலில் காயும் பருப்பும், சோறு கடைசியில். சோறு தானாகக் கொஞ்சம் குறையும், சாப்பிட்டபின் சர்க்கரை ஏறும் வேகமும் குறையும். மெட்ஃபார்மினோடு வேறு மாத்திரையோ இன்சுலினோ இருந்தால் சோற்றைத் திடீரென்று பாதியாக்க வேண்டாம், சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யட்டும். சிறுநீரகம் பாதித்திருந்தால் பருப்பு அளவையும் அவரே சொல்ல வேண்டும்.

தயிருக்கு வருகிறேன், அம்மா கேட்டது அதுதான். ஒரு கப் நிலக்கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்துத் தோல் நீக்கி, மூன்று கப் தண்ணீர் விட்டு நைசாக அரைத்து வடிகட்டுங்கள். அடி கனத்த பாத்திரத்தில் கைவிடாமல் கிளறிப் பத்து நிமிஷம் கொதிக்க விடுங்கள், கை எடுத்தால் அடிப்பிடித்துத் தீய்ந்த வாடை தயிர் முழுக்க ஏறும். விரல் பொறுக்கும் வெதுவெதுப்புக்கு ஆறியபின் கழுவித் துடைத்த பச்சை மிளகாய்க் காம்பு எட்டு, பத்து போட்டு மூடி வையுங்கள். இந்த வெயிலில் எட்டு மணி நேரம் போதும். இளஞ்சிவப்பாக மாறினாலோ நூல் நூலாக வந்தாலோ கெட்ட வாடை அடித்தாலோ கொட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். கால்சியத்துக்கு இதை நம்ப வேண்டாம், அதற்குக் கேழ்வரகும் எள்ளும் முருங்கைக்கீரையும்.

ரத்தப் பரிசோதனைக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒரே காலையில் போங்கள். பி12-க்கு வெறும் வயிறு அவசியமில்லை, அவருடைய சர்க்கரைக்கு வேண்டும், நீங்களும் சாப்பிடாமல் இருங்கள். போகும் முன் இரவே தயிருக்கான நிலக்கடலையை ஊறப்போட்டுவிடுங்கள். தயிர் முதல் தடவை தளர்வாக, மிளகாய் வாடையோடுதான் வரும். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்த தடவைக்கு உறை ஊற்றிவிட்டு அம்மாவிடம் காட்டுங்கள்.