எடைச் சீட்டும் முறுக்கு டின்னும்

கேள்வி: எனக்கு 36 வயது. செம்பனை ஆலையில் லாரி எடை போடும் கவுண்டரில் ஒன்பது வருஷமாக வேலை செய்கிறேன். மாதம் 2,100 வெள்ளி (ரிங்கிட்) சம்பளம். தீபாவளிக்கு முறுக்கு சுட்டு டின்னில் போட்டு விற்பேன். போன வருஷம் ஆறு வாரத்தில் 160 டின் போனது. டின் 15 வெள்ளி, செலவு போக 4 வெள்ளி நிற்கும். டவுனில் 900 வெள்ளி வாடகைக்கு ஒரு கடை காலியாக இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு முழுசாக இறங்கு என்கிறார் கணவர். இந்தியச் சிறு வியாபாரிகளுக்கு அரசு தரும் தெக்குன் ஸ்புமி கடனுக்கு விண்ணப்பப் பாரமும் வாங்கி வந்துவிட்டார். போனில் ஒரு குணப் பரீட்சை எழுதிப் பார்த்தேன், 'தலைமை தாங்குபவர்' என்று வந்தது. மறு வாரம் அதையே எழுதினால் 'துணை நிற்பவர்' என்கிறது. எனக்கு வியாபாரம் வருமா, அக்கா?
– பெயர் வேண்டாம், பெஸ்தாரி ஜெயா, மலேசியா

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நான்கு பக்கம் எழுதியிருந்தீர்கள். இடம் போதாமல் இங்கே சுருக்கிவிட்டேன், கோபிக்க வேண்டாம். ஆனால் உங்கள் கேள்விக்கான பதில் நான் வெட்டிய பகுதியில்தான் இருக்கிறது.

முறுக்கைப் பற்றி எழுதியது ஆறு வரி. கவுண்டரைப் பற்றி ஒன்றேகால் பக்கம். ஒரு லாரி குலைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாக மேடை ஏறியபோது வழக்கத்தைவிட 180 கிலோ குறைவாகக் காட்டியதாம். உங்களுக்கு உறுத்தியிருக்கிறது. பழைய சீட்டுகளைப் புரட்டி, அதே வண்டியின் வெறும் எடையை மூன்று மாதத்துக்கு ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்திருக்கிறீர்கள். கடைசியில், வண்டியில் எப்போதும் இருக்கும் ஒரு டிரம் தண்ணீரோடு முதல் எடைக்கு வந்து, நடுவில் அதைக் கொட்டிவிட்டு, தண்ணீரையும் பழக் கணக்கில் சேர்த்துக் காசு பார்த்தது தெரிய வந்திருக்கிறது. யாரும் உங்களைத் தேடச் சொல்லவில்லை. அந்தத் தாளை இன்னும் வைத்திருப்பதாக வேறு எழுதியிருக்கிறீர்கள்!

அதே கடிதத்தில் இன்னொன்று. தீபாவளிக்கு முறுக்கு வாங்கிய ஐந்து பேர் மொத்தம் 340 வெள்ளி தர வேண்டும். பொங்கலும் போய்விட்டது. கோயிலில் பார்த்தால் நீங்களே ஒதுங்கிப் போகிறீர்கள். பணம் தர வேண்டியவர் தலைநிமிர்ந்து நடக்கிறார், வாங்க வேண்டியவர் தூணுக்குப் பின்னால் நிற்கிறார்.

உங்கள் வேலைக் குணம் என்ன என்று கேட்டால் இந்த இரண்டையும்தான் காட்டுவேன். போன் பரீட்சையைத் தள்ளுங்கள். ஒரு வாரத்தில் ஆளை மாற்றிக் காட்டுகிற கண்ணாடி நமக்கு எதற்கு? இந்தத் துறையில் உருப்படியாகச் சொன்னவர்களும் உண்டு. ஜான் ஹாலந்து என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் வேலை விருப்பங்களை ஆறு வகையாகப் பிரிக்கத் தொடங்கினார். கையால் செய்வது, ஆராய்வது, கலை, பிறருக்கு உதவுவது, பேசி இணங்க வைப்பது, ஒழுங்கும் கணக்கும். ஒருவரிடம் இரண்டு மூன்று கலந்துதான் இருக்கும் என்பது அவர் கருத்து. உங்களிடம் கையும் கணக்கும் நிறைய இருக்கிறது. பேசி இணங்க வைப்பது, அந்த 340 வெள்ளியைப் பார்த்தால், அவ்வளவாக இல்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர நிரைக்குப் போனால் ஆள் வேறு உலகத்தில் இருப்பார். அவர் வெட்டிய மரத்தில் பட்டை வழித்த மாதிரி இருக்கும், ஒரு காயம் பார்க்க முடியாது. நல்ல வேலைக்காரர் என்று பெரிய கிராணி (தலைமை எழுத்தர்) சொல்லி அவரைத் தண்டலாக்கினார்கள், அதாவது ஆட்களை மேற்பார்க்கும் வேலை. சம்பளம் கூடியது. ஆனால் தண்டலுக்கு உளி எதற்கு? காலையில் ஆட்கள் கூடும் பெரட்டில் நின்று பேர் கூப்பிட வேண்டும், நேரம் கழித்து வந்தவரைத் திட்ட வேண்டும். அப்பாவுக்குத் திட்ட வராது. வராதவர் நிரையை இவரே போய் வெட்டிவிட்டு வருவார். ஏழாம் மாதம் உளியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். அம்மாவுக்கு அந்தக் கோபம் தீர ரொம்ப நாளானது.

வியாபாரம் என்பதை ஒரே வேலை என்று நினைத்துக்கொள்கிறோம். சுடுவது, விற்பது, வசூலிப்பது, கணக்குப் பார்ப்பது என்று அது நாலு வேலை. கடை திறந்தால் நாலும் உங்கள் தலையில் விழும். அதிலும் நாள் முழுக்கச் செய்ய வேண்டியது உங்களுக்குப் பிடிக்காத இரண்டைத்தான்.

உங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1917இல் அங்கேதான் இந்த நாட்டில் முதன்முதலாக வணிகத்துக்குச் செம்பனை நட்டார்கள். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். அந்த மனிதர் பிறகு நாவல் எழுதி 1930இல் பிரான்ஸின் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர் பரிசு வாங்கினார். தொடங்கிவைப்பது அவர் குணம். அப்புறம் தோட்டம் நடந்தது தினமும் நிறுத்து எழுதியவர்களால், உங்களைப் போன்றவர்களால்.

சரி, கணக்குக்கு வருவோம். உங்களுக்குப் பிடித்த இடம். வாடகை 900ஐ 4 வெள்ளியால் வகுத்தால் 225 டின். அது வாடகைக்கு மட்டும். விடப்போகும் சம்பளம் 2,100, அதோடு முதலாளி உங்கள் சேமநிதியில் போடும் 13 விழுக்காடு, அதாவது 273 வெள்ளி. பலர் இதை மறந்துவிடுகிறார்கள். கடை வைத்தவரும் தாமாகச் சேமநிதியில் போடலாம், ஆனால் முதலாளி பங்கு என்று ஒன்று இருக்காது. இந்த 2,373 வெள்ளியை ஈடுகட்ட இன்னும் 593 டின். ஆக மாதம் 818. இருபத்தாறு நாள் கடை திறந்தால் நாளுக்கு 31 டின்னுக்கு மேல். தீபாவளிக் கூட்டத்திலேயே உங்களுக்கு ஆறு வாரத்தில் 160தான் போயிருக்கிறது. மின்சாரம், கடன் தவணை எதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை.

ஆகவே கடை வேண்டாம், பாரத்தில் கையெழுத்தும் இப்போது வேண்டாம். ஸ்புமி நல்ல திட்டம்தான், ஆனால் கடன் கடன்தான். கணவரிடம் வாதாட வேண்டியதில்லை, மேலே உள்ள கணக்கை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். உங்கள் மேல் உள்ள நம்பிக்கையில்தான் அவர் அவசரப்படுகிறார்.

முறுக்கை விடச் சொல்லவில்லை. நாத்தனார் பசார் மாலாம் இரவுச் சந்தையில் துணி விற்கிறார், "வாய்க்காரி" என்று கொஞ்சம் சலிப்போடு எழுதியிருக்கிறீர்கள். தங்கச்சி, உங்களிடம் இல்லாத பாதி அந்த வாய்தான்! வாரம் 20 டின் சுட்டு அவரிடம் கொடுங்கள். ரொக்கத்துக்கு மட்டும் விற்கட்டும், டின்னுக்கு ஒன்றரை வெள்ளி அவருக்கு. உறவு என்று வாய்ப்பேச்சில் விடாமல் ஞாயிறுதோறும் நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எஸ்எஸ்எம் என்கிற வணிகப் பதிவு ஆணையத்தில் வியாபாரத்தைப் பதிவதற்குச் சொந்தப் பெயரில் வருஷம் 30 வெள்ளி, கடைப்பெயர் வைத்தால் 60. அதைத் தள்ளிப்போடாமல் தொடக்கத்திலேயே செய்துவிடுங்கள்.

அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று வாரத்துக்கு இன்னொன்றும் எழுதுங்கள்: இன்று யாரும் சொல்லாமலே செய்த வேலை எது, நாளைக்கு என்று தள்ளிப்போட்டது எது. எழுதும்போது பொய் வராது, உங்களுக்கு நிச்சயமாக வராது. அந்தப் பக்கத்தில் முறுக்கைவிடக் கணக்கு வேலைதான் அதிகம் தென்பட்டால், டவுனில் சீட்டும் ரசீதும் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருக்கும் சின்னக் கடைக்காரர்களை நினைத்துப் பாருங்கள். மாதாமாதம் அதைப் பிரித்து அடுக்கி எழுதித் தர ஆள் கிடைக்காமல் தவிப்பவர்கள் அவர்கள்.

அப்புறம் அந்த 340 வெள்ளி. நீங்கள் போக வேண்டாம், நாத்தனாரை அனுப்புங்கள். வசூலில் பத்தில் ஒரு பங்கு அவருக்கு என்று சொல்லிவிடுங்கள். வெறுங்கையோடு வருகிறாரா, பணத்தோடு வருகிறாரா என்று பார்த்துவிட்டு முதல் 20 டின்னுக்கு மாவு அரைக்கலாம்.