சவுண்ட் கார்டு வாங்கும் முன் எர்த்தைப் பாருங்கள்

கேள்வி: மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இருப்பது அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர். ராத்திரி நான் கேம் விளையாடுவேன், காலையில் அப்பா பாட்டுக் கேட்பார், ஞாயிறு என்றால் சினிமா. ஸ்பீக்கரில் எப்போதும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் இருக்கிறது, மவுஸை நகர்த்தினால் கீச்சென்று கேட்கிறது. கடைக்காரர் 8,500 ரூபாய்க்கு, எட்டு ஸ்பீக்கருக்குத் தனித்தனியாகச் சத்தம் அனுப்பும் 7.1 சவுண்ட் கார்டு போடச் சொல்கிறார். போடலாமா, நல்ல கார்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அப்பாவின் பழைய நாதஸ்வர காசெட்டுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும்.

பதில்: இப்போதைக்குப் பணத்தை எடுத்து உள்ளே வையுங்கள். நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிச் சத்தம், இரண்டுமே கார்டு இல்லாத குறையால் வருவதாகத் தெரியவில்லை.

முதலில் அந்த 'ம்ம்ம்'. அது கரண்டின் சத்தம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், எர்த் சரியில்லாத வீட்டில் அது ஸ்பீக்கர் வழியே வெளியே வந்துவிடும். கம்ப்யூட்டர் ஓடும்போது புறங்கையால் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பு ஓரத்தை லேசாகத் தடவிப் பாருங்கள். ஜிவ்வென்று ஒரு துடிப்பு தெரிந்தால் உங்கள் பிளக் பாயின்ட்டில் மூன்றாவது ஓட்டை சும்மா பெயருக்குத்தான் இருக்கிறது, அதன் பின்னால் வயர் இல்லை, அல்லது இருந்தும் மண்ணோடு தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. டெல்டாவின் களிமண் ஈரம் உள்ளவரை நல்ல எர்த் கொடுக்கும், ஆனால் சித்திரை வெயிலில் அது காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும்போது எர்த் குழியும் சேர்ந்து காய்ந்துபோகும். அந்தக் குழியில் தண்ணீர் ஊற்றுங்கள், அப்புறமும் துடித்தால் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், நீங்களே ஸ்விட்ச் பெட்டியைத் திறக்க வேண்டாம். புது வீட்டுக்கு மார்பிள் போட லட்சக்கணக்கில் செலவழிக்கிறார்கள், எர்த் வயரில் மட்டும் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கிறார்கள், அதைச் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டியவரும் எட்டிப் பார்ப்பதில்லை. இது சத்தப் பிரச்சினை மட்டும் இல்லை, உயிர்ப் பிரச்சினை.

எர்த் சரியாக இருந்தும் இரைந்தால், கம்ப்யூட்டரையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகிப் பாருங்கள். கேபிள் டிவி வயர் எங்காவது கம்ப்யூட்டரோடு சேர்ந்திருந்தால் அதைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். பாதி வீடுகளில் அத்தோடு நின்றுவிடும்.

மவுஸை நகர்த்தினால் வரும் கீச்சு வேறு ரகம். ஸ்பீக்கரை கேபினெட்டின் முன்பக்க ஓட்டையில் செருகியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ஓட்டைக்குப் போகும் மெல்லிய வயர் கிராபிக்ஸ் கார்டை ஒட்டியே ஓடுகிறது, அங்கிருக்கும் மின்குப்பையை எல்லாம் வாரிக்கொண்டு வரும். பின்பக்கம் மதர்போர்டிலேயே பச்சை ஓட்டை ஒன்று இருக்கும், அதில் செருகுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் கார்டு நல்லதா இல்லையா என்ற பேச்சே. போர்டோடு வந்த சவுண்டையும் புதுக் கார்டையும் ஒரே வழியில் சோதிக்கலாம். ஹெட்போனைச் செருகி, காதில் மாட்டாமல், வால்யூமை முழுசாக வைத்து, சத்தமே இல்லாத ஓர் ஆடியோ ஃபைலை ஓட விடுங்கள். எதுவும் ஓடாதபோது கார்டை இயக்கும் டிரைவர் சாஃப்ட்வேர் சில சமயம் வெளியீட்டையே மூடிவிடும், அந்த அமைதியை நம்பக் கூடாது, அதற்காகத்தான் இந்த ஃபைல். நோட்டிஃபிகேஷன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இப்போது மாட்டிக்கொண்டு மவுஸை நகர்த்துங்கள், ஒரு பெரிய ஃபைலை காப்பி செய்யுங்கள். ஒன்றும் கேட்கவில்லையா, உங்கள் காதுக்கு அந்தக் கார்டு போதும். பெட்டி மேல் 32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ் என்று என்ன போட்டிருந்தாலும் போட்டுக்கொள்ளட்டும். சிடி என்பதே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்தான், அந்த 16 பிட்டிலேயே மிக மெல்லிய சத்தத்துக்கும் மிகப் பலமான சத்தத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட 96 டெசிபெல் இடைவெளி இருக்கிறது. பெட்டியில் போடும் 120 டெசிபெல் பெரும்பாலும் சிப் கம்பெனி சிப்பைத் தனியாக அளந்து சொன்னது, உங்கள் ஓட்டையில் வருவது அல்ல.

கேமுக்கு வேண்டியது, காலடிச் சத்தம் எந்தப் பக்கம் என்று தெரிவது. அதை இப்போது கேமே கணக்குப் போட்டுச் சாதாரண இரண்டு காது ஹெட்போனுக்கு அனுப்புகிறது. வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் இரண்டிலும் அந்த வசதி உண்டு. அதன் மேல் கார்டின் 7.1 மாயத்தையும் போட்டால் திசை குழம்பித்தான் போகும், ஒன்றை மட்டும் வையுங்கள்.

இங்கே ஒரு வலை இருக்கிறது. மூடிப்போன பிரவுசிங் சென்டர்களிலிருந்து கழற்றிய பழைய கார்டுகளைத் துடைத்து, 'அந்தக் காலத்து ஒரிஜினல் சவுண்ட் பிளாஸ்டர், கேமுக்கு இஏஎக்ஸ் எஃபெக்ட் உண்டு' என்று தள்ளிவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். இஏஎக்ஸ் என்பது எதிரொலி போன்ற கேம் சத்தங்களைக் கார்டே உருவாக்கும் வசதி. 2007-ல் வந்த விண்டோஸ் விஸ்டாவிலேயே கார்டு நேரடியாகச் செய்த அந்த வேலையை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. அந்தக் கார்டு உட்காரும் பழைய பிசிஐ ஸ்லாட் இன்றைய போர்டுகளில் கிடைப்பதும் அரிது. இன்னொன்று, விரல் நீள யுஎஸ்பி குச்சியில் '7.1' என்று அச்சடித்தது. ஹெட்போனுக்கு ஒரே ஓட்டை இருக்கும் குச்சியிலிருந்து எட்டு ஸ்பீக்கருக்கு எப்படித் தனித்தனியாகச் சத்தம் போகும்?

சினிமாவுக்கு ஒரே விஷயம். கடைக்காரர் கார்டைப் போட்டு விண்டோஸில் 7.1 என்று செட்டிங் வைத்துவிட்டுப் போவார், உங்களிடம் இருப்பது இரண்டு ஸ்பீக்கர். வசனம் நடு ஸ்பீக்கருக்குப் போகும், அது இல்லாததால் பாட்டு காது கிழியும், பேச்சு கேட்காது. ஸ்டீரியோ என்று மாற்றுங்கள். எச்டிஎம்ஐ வழியாக டிவியில் பார்த்தால் சத்தம் கிராபிக்ஸ் கார்டிலிருந்தே போய்விடும், சவுண்ட் கார்டுக்கு அதில் வேலையே இல்லை.

காசெட் விஷயத்தில் மட்டும் நான் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இங்கே சத்தம் வெளியே போகவில்லை, உள்ளே வருகிறது. போர்டின் பின்னால் நீல ஓட்டை இருக்கிறதா பாருங்கள், அதுதான் லைன் இன். டேப் ரெக்கார்டரின் லைன் அவுட்டையோ ஹெட்போன் ஓட்டையையோ அதோடு இணைத்தால் போதும், பைசா செலவில்லை. ரோஸ் ஓட்டையில் செருகவே கூடாது. அது மைக்குக்கானது, நுணுக்கமான சத்தத்தைப் பெருக்கிப் பெருக்கி நாதஸ்வரத்தைக் கரகரவென்று ஆக்கிவிடும், மைக்குக்கென்று ஒரு சின்ன வோல்டேஜையும் அனுப்பும். அந்த யுஎஸ்பி குச்சிகளிலும் இதே கதைதான், பலவற்றில் மைக் ஓட்டை மோனோ, இடது வலது இரண்டும் ஒன்றாகிவிடும். நீல ஓட்டை இல்லை என்றால், 'ஸ்டீரியோ லைன் இன்' என்று தெளிவாக எழுதியிருக்கும் வெளியே வைக்கும் யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றை வாங்குங்கள். நீங்கள் நியாயமாகக் கார்டு வாங்கக்கூடிய ஒரே காரணம் இதுதான்.

பதிவின் அளவை ஆலாபனையை வைத்து நிர்ணயிக்காதீர்கள். நாதஸ்வரம் மட்டும் இழையும்போது ரெக்கார்டிங் சாஃப்ட்வேரின் மீட்டர் அடக்கமாக இருக்கும், தவில் விழுந்ததும் சிவப்புக்கு எகிறி உடைந்துவிடும், உடைந்ததை எந்த சாஃப்ட்வேரும் முழுதாகத் திருப்பித் தராது. மல்லாரியோ தனி ஆவர்த்தனமோ இருக்கும் இடத்தை முதலில் ஓட்டி, தவிலின் பலமான அடியும் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாதபடி வைத்துவிட்டு, அப்புறம் ரீவைண்ட் செய்து தொடங்குங்கள். ஏற்றுவதற்கு முன் டேப் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். சத்தத்தை நசுக்காத 'வேவ்' (WAV) ஃபைலாகச் சேமியுங்கள். காசெட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு மாற்றித் தருகிறவர்கள் பலர் கடைசியில் நசுக்கிய எம்பி3 ஒன்றைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள், அப்பாவின் காசெட்டை அப்படி யாரிடமும் விட்டுவிட வேண்டாம்.

எதை வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் கேளுங்கள். இறக்குமதிப் பொருளின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு, அதிகபட்ச விலை எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும், 2011-ம் ஆண்டின் எடையளவு விதி அப்படித்தான் சொல்கிறது. இவை இல்லாத பெட்டிக்கு வாரண்டி கேட்டுப் போனால், 'சென்னைக்கு அனுப்பியிருக்கிறோம்' என்ற பதிலையே மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். பில் கையில் இருந்து கடைக்காரர் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் கூப்பிட்டுப் புகார் செய்யுங்கள்.