1942 சிங்கப்பூரை வியூக விளையாட்டுக்கு வரைபடமாக்கினால் நிலம் ஏன் போலியாகத் தெரிகிறது?

கேள்வியின் சுருக்கம்: ஜப்பானியப் படையெடுப்பு நடந்த 1942 சிங்கப்பூருக்காக, எஸ்ஆர்டிஎம் என்ற உலகளாவிய உயரத் தரவை இறக்கி, யூனிட்டி விளையாட்டு மென்பொருளில் போட்டால் தீவு முழுக்கப் பொடிப்பொடி மேடுகள், சமவெளியெல்லாம் படிக்கட்டு. எங்கே தப்பு?

யூனிட்டியில் தப்பில்லை, தரவில்தான். எஸ்ஆர்டிஎம் 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் அளந்தது. அந்த அலை பெரும்பாலும் மரத்தலையிலும் கூரையிலும் பட்டுத் திரும்பிவிடும். தோ பாயோவைப் பெரிதாக்கிப் பாருங்கள். ‘பெரிய சதுப்பு’ என்று பெயர் வாங்கிய இடம், வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்குகளின் புண்ணியத்தில் குன்றாக நிற்கும்! ஈஸ்ட் கோஸ்ட் பக்கமோ நேர்மாறு: பிடோக், சிக்லாப் குன்றுகளை வெட்டிக் கடலைத் தூர்த்ததால், இருக்கவேண்டிய மேடு தரவில் இல்லை, கடலாக இருக்கவேண்டியது நிலமாக இருக்கிறது. 1960இல் சுமார் 581 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இன்று 730ஐத் தாண்டிவிட்டது.

மரமும் கட்டடமும் நீக்கிய ஃபேப்டெம் என்ற உயரத் தரவு உண்டு. ஆனால் அதன் பொது உரிமம் வணிகப் பயன்பாட்டை அனுமதிக்காது. விற்கப்போகும் விளையாட்டில் கை வைக்காதீர்கள். அது காட்டுவதும் இக்காலத் தரையைத்தான்.

ஆகவே பழைய நிலவரைபடத்தை அடித்தளமாக வையுங்கள். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில், பழைய படத்தை இன்றைய இடங்களோடு பொருத்தும் ஜியோரெஃபரன்சர் கருவி உண்டு. அதில் 8 முதல் 10 பொருத்தப் புள்ளிகள் போதும். இடம் மாறாதவையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்: புக்கித் தீமா உச்சி, ஜோகூர் கடற்பாலத்தின் இரு முனைகள், ஃபோர்ட் கேனிங், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோவில். கடற்கரையில் ஒரு புள்ளிகூட வேண்டாம். பீச் ரோடு ஒருகாலத்தில் நிஜமாகவே கடலோரம். அதை இன்றைய கரையோடு பொருத்தினால் படம் முழுக்க இழுபடும். பிறகு சமவுயரக் கோடுகளைத் தடவி வரைந்து, அவற்றுக்கு இடையிலுள்ள உயரத்தை இடைக்கணிப்புச் செய்யுங்கள். பிரிட்டிஷ் வரைபடம் உயரத்தை அடிக் கணக்கில் சொல்லும், மீட்டராக்க 0.3048ஆல் பெருக்க மறந்தால் 164 மீட்டர் புக்கித் தீமா 500ஐத் தாண்டி வளர்ந்துவிடும்.

படிக்கட்டுக்குக் காரணம் வேறு. எஸ்ஆர்டிஎம்மில் உயரம் முழு மீட்டர்களில் இருக்கிறது. தட்டையான நிலத்தில் அந்த 1 மீட்டர் தாவலைச் செங்குத்தாக மிகைப்படுத்தினால் வரப்பு வரப்பாகத் தெரியும். இடையில் 8-பிட் படமாகச் சேமித்திருந்தால் மிஞ்சுவது 256 படிகள்தான். முதலில் 32-பிட் தசமமாக மாற்றி, 1.5 முதல் 2 பிக்சல் காசியன் மென்மையாக்கல் (அக்கம்பக்க உயரங்களோடு சராசரியாக்குவது) கொடுத்து, அப்புறம் உயரத்தைக் கூட்டி, கடைசியில் 16-பிட் ரா கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். ஒவ்வொரு எண்ணின் இரு பைட்டுகளும் முன்பின்னாக மாறினால் நிலம் முழுக்க ஊசி முளைக்கும், பார்த்தவுடனே புரிந்துவிடும்.

அளவுக்கு 2049 பிக்சல் சதுரம், பக்கம் 51.2 கிலோமீட்டர் என்று வையுங்கள். கச்சிதமாக 25 மீட்டருக்கு ஒரு மாதிரி. தீவு குறுக்கே சுமார் 50, மேல்கீழாக 27 கிலோமீட்டர்தான் என்பதால், அதைக் கீழே தள்ளி வைத்தால் ஜோகூர்க் கரைக்கு இடம் கிடைக்கும். எல்லா உயரத்தையும் ஒரேயடியாக மூன்று மடங்காக்காதீர்கள், சதுப்புக்கரை செங்குத்துப் பாறையாகிவிடும். 15 மீட்டர்வரை உள்ளதை அப்படியே விட்டு, அதற்குமேல் படிப்படியாக மூன்று மடங்குக்குக் கொண்டுபோங்கள்.

ஆறுகளைப் பழைய வரைபடத்திலிருந்து எடுத்து, மிகைப்படுத்தாத தரையில் 2, 3 மீட்டர் ஆழம் பள்ளமாக்கிய பின்பே உயரத் தரவிலுள்ள பொய்க் குழிகளை நிரப்பும் கருவியை ஓட்டுங்கள். இல்லாவிட்டால் கணக்கிடும் நீரோட்டம் பாதியில் நின்றுவிடும். கிராஞ்சி நீர்த்தேக்கம் 1970களில் அணை கட்டி உண்டானது. 1942இல் அது ஓதநீர் ஏறி இறங்கும் கழிமுகம். அங்கே ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பத் தண்ணீராகவும் சேறாகவும் மாறும் கட்டங்கள் வைத்தால் ஆட்டம் சுவைக்கும்.

அறுகோணக் கட்டத்தின் அகலம் 500 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. கடற்பாலமே ஏறத்தாழ 1 கிலோமீட்டர்தான். 1 கிலோமீட்டர் கட்டமென்றால் ஜோகூர் நீரிணை ஒற்றைக் கட்டமாகச் சுருங்கும், சில இடங்களில் மறைந்தே போகும். 500 மீட்டரில் நிலம் மட்டும் சுமார் 2,700 கட்டங்கள். கணினி எதிராளிக்கு இது சுமையல்ல.

தரையிலிருந்து மரங்களை எடுத்தோமே, அவற்றைத் தனி லேயராகத் திருப்பிக் கொண்டுவாருங்கள். ரப்பர் தோட்டத்துக்கு 10 முதல் 15 மீட்டர் போதும். எந்தப் படைக்கு எது தெரியும் என்ற பார்வைக் கணக்கில் மட்டும் அது சேரட்டும். கடைசியில் ஒரு சோதனை: ஜப்பானியப் படை பிப்ரவரி 8 இரவு கரையேறிய சரிம்பூனிலிருந்து ஒரு காலாட்படைப் பிரிவை புக்கித் தீமா சந்திப்புக்கு அனுப்புங்கள். அது சாலையைத் தொடாமல் தோட்டங்களின் ஊடே நேர்கோட்டில் போனால், ரப்பர் தோட்டத்தின் நகர்வுச் செலவைக் கூட்டிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.