கேள்வி பதில்: ஓவியர் நிக்கோலா த ஸ்தால்

ஸ்தால் ரஷ்யரா, பிரெஞ்சுக்காரரா?

பிறந்தது 1914-இல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். புரட்சிக்குப் பிறகு குடும்பம் போலந்துக்கு ஓடியது. சில வருடங்களிலேயே அப்பாவும் அம்மாவும் இறந்துவிட, பிரஸ்ஸல்ஸில் ஒரு வீட்டில் வளர்ந்தார். பிரெஞ்சுக் குடியுரிமை 1948-இல்தான் கிடைத்தது. முக்கியமான படங்கள் எல்லாம் பிரான்சில் வரைந்தவை, ஆகவே பிரெஞ்சு ஓவியர் என்று சொல்வதில் தப்பில்லை.

வெறும் வண்ணக் கட்டிகளாகத் தெரிகிறதே, இதைப் போய் நிலக்காட்சி என்கிறீர்களே?

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. 1953-இல் சிசிலிக்குப் போய் வந்தபின் வரைந்த, அங்குள்ள அக்ரிஜெந்தோ ஊரின் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். கிரெனோபிள் மியூசியத்தில் இருக்கும் படத்தில் வானம் பச்சை. கீழே மஞ்சள், சிவப்பு, ஊதா என்று சில பட்டைகள், அவ்வளவுதான். மரமும் இல்லை, வீடும் இல்லை. ஆனால் அந்தப் பட்டைகள் தூரத்தில் ஒரு புள்ளியை நோக்கிக் குறுகுவதைக் கவனியுங்கள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் நிலம் இப்படித்தான் தெரியும். அருவ ஓவியம் (பொருள்களின் உருவம் தெரியாதது), உருவ ஓவியம் என்ற சண்டையில் அவர் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அதற்காக இரண்டு பக்கமும் திட்டு வாங்கினார்.

ஃபுட்பால் மேட்ச் பார்த்து வரைந்தாராமே?

ஆமாம். 1952 மார்ச் 26, பாரிஸின் பார்க் தெ பிரின்ஸ் மைதானம். பிரான்சும் ஸ்வீடனும் மின்விளக்கு வெளிச்சத்தில் ஆடின. அந்த ராத்திரி அவரைத் தூங்கவிடவில்லை. அந்த ஆட்டத்தை வைத்து வரைந்த பெரிய படம் 2 மீட்டர் உயரம், 3.5 மீட்டர் அகலம். அகலமான கத்தியால், கொத்தனார் பூசுவதுபோல இழுத்த வண்ணம். 2019-இல் பாரிஸ் ஏலத்தில் சுமார் 2 கோடி யூரோவுக்குப் போனது.

கடைசிப் படங்களில் பெயின்ட் மெலிந்துவிட்டதே, ஏன்?

தடிமன் அவருக்கு அலுத்துவிட்டது என்று நினைக்கிறேன். 1954-இல் தெற்கு பிரான்சின் ஆந்தீப் கடலோரத்துக்குக் குடிபோனபின் வண்ணத்தை நீர்க்கக் கரைத்து, பஞ்சாலும் காஸ் துணியாலும் ஒற்றினார். சரிவு என்று சிலர் எழுதினார்கள். எனக்கோ அந்தச் சாம்பல் நிறக் கடல்கள்தான் அதிகம் பிடிக்கும்.

காதல் தோல்வியால் இறந்தாரா?

1955 மார்ச் 16-இல் தற்கொலை செய்துகொண்டார், வயது 41. ஒற்றைக் காரணத்தில் அடக்க எனக்கு மனசில்லை. அதற்குச் சில நாள் முன்பு பாரிஸில் இசைக் கச்சேரி கேட்டுவிட்டு வந்து, 6 மீட்டர் அகலத்தில் ஒரு படம் தொடங்கினார். முழுக்கச் சிவப்பு. இடது பக்கம் கறுப்புப் பியானோ, வலது பக்கம் டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம். முடிக்கவில்லை. ஆந்தீப் போனால் பிக்காசோ மியூசியத்தில் பாருங்கள்.