பாதம் கோணினா ஆபரேஷனா? கேளுங்க, சொல்றேன்

ஞாயித்துக்கிழமை, ஓபி இல்ல, சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பேன். நரம்பு, தசைக் கோளாறால பாதம் கோணுறதைப் பத்தி மட்டும் கேளுங்க. மூட்டுத் தேய்மானம், யூரிக் ஆசிட்லாம் இன்னொரு நாள்.

கே: பையனுக்கு 14 வயசு டாக்டர். ரெண்டு பாதமும் நடுவுல வில்லு மாதிரி தூக்கிட்டு நிக்குது, குதிகால் உள்பக்கமா திரும்பிருக்கு, மாசத்துக்கு ரெண்டு தடவை சுளுக்கு. சார்கோ மேரி டூத்னு எழுதிக் குடுத்து குதிகால் எலும்பை வெட்டணும்ங்கறாங்க. பல்லுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ப: பல்லுக்கு ஒண்ணுமில்லம்மா, கை கால் நரம்பு கொஞ்சம் கொஞ்சமா கெட்டுப்போற பரம்பரை நோய் இது. 1886ல இதை எழுதின மூணு டாக்டருங்க பேரு, அதுல ஒருத்தர் டூத். விஷயத்துக்கு வர்றேன். இந்த நோய்ல எல்லாத் தசையும் ஒரே மாதிரி சோர்றதில்ல, பாதத்தை மேல தூக்குற தசையும் வெளிப்பக்கம் இழுக்குற ஒரு தசையும் முதல்ல போயிடும், எதிர்ப்பக்கம் இருக்குறது தெம்பா இருக்கும், கயிறு இழுக்குற போட்டில ஒரு பக்கம் ஆளே இல்லாத மாதிரி. கட்டைவிரலுக்குப் பின்னாடி இருக்குற நீள எலும்பு கீழ அழுந்திடும், அது தரையில குத்துறதால குதிகால் வேற வழியில்லாம உள்பக்கம் திரும்பும். அதனால கோளாறு குதிகால்லயா முன்னாடியாங்கறதை முதல்ல பாக்கணும். குதிகாலும் பாதத்தோட வெளி ஓரமும் ஒரு மரக்கட்டை மேல, கட்டைவிரல் பக்கம் மட்டும் கீழ தொங்குற மாதிரி நிக்க வெச்சு பின்னாடியிருந்து பாருங்க. கோல்மன் டெஸ்ட்னு பேரு, செலவு ஒரு மரக்கட்டை. குதிகால் நேரானா முன்னாடி எலும்பை மட்டும் வெட்டித் தூக்கினா பெரும்பாலும் போதும், நேராகலைன்னா குதிகாலையும் வெட்டித் தள்ளி வெக்கணும். இதைப் பண்ணாமலே தேதி குடுத்திருந்தா இன்னொருத்தர்கிட்டயும் காட்டுங்க. எலும்பை மட்டும் நேராக்கிட்டு இழுக்குற தசையை அப்படியே விட்டா நாலஞ்சு வருசத்துல திரும்பக் கோணும், தசைநாணையும் இடம் மாத்தணும். அப்பவும் நோய் நிக்காது, பாதம்தான் தரையில பதியும்.

கே: தசைநாண்னா நரம்புதானே? நரம்பை வெட்டினா கால் செத்துடாதா?

ப: இதுக்குத்தான் காத்துட்டிருந்தேன். நம்ம ஊர்ல ரத்தக்குழாயும் நரம்பு, உணர்ச்சி போற கம்பியும் நரம்பு, தசையை எலும்போட கட்டுற நாரும் நரம்பு! நான் மாத்தி வெக்கிறது அந்த நாரை. உள்பக்கம் இழுக்குற தசையோட நாரை எடுத்து, முட்டிக்குக் கீழ இருக்குற ரெண்டு எலும்புக்கும் நடுவுல நுழைச்சு, பாதத்து மேல பதிப்போம். தொழுநோயால பாதம் தொங்கிப்போனவங்களுக்கும் இதே ஆபரேஷன்தான். வேலூர்ல சர்ஜன் பால் பிராண்ட் 1940கள் கடைசியிலயே இப்படி நார் மாத்தி மடங்கிப்போன கைகளை விரிய வெச்சார். மாத்தின தசை பலத்துல ஒரு படி குறையும், அதனால நல்ல தெம்பான தசையாத்தான் எடுக்கணும்.

கே: பாப்பாவுக்கு 4 வயசு, பெருமூளை வாதம், நுனிக்கால்ல நடக்குறா. குதிகால் நரம்பை நீட்டிடலாமா?

ப: நார்! அவசரப்படாதீங்க. இந்த வயசுல நீட்டினா வளர வளர திரும்ப இறுகும். அதைவிட மோசம் ரெண்டு காலும் பாதிச்ச குழந்தைக்கு அளவுக்கு மீறி நீட்டுறது, குதிகால் தரையைத் தொடும், ஆனா முட்டி மடங்கிக் குந்தின மாதிரியே நடக்கும், அதை சரி பண்றது ரொம்பக் கஷ்டம். இப்போதைக்கு பிசியோ, பிளாஸ்டிக் பட்டை, தேவைப்பட்டா போட்டாக்ஸ், இறுகின தசையைத் தளர்த்துற ஊசி.

கே: சர்க்கரை இருக்கு, பாதம் எரியுது.

ப: சர்க்கரை டாக்டர்கிட்ட போங்க.

கே: மூட்டை ஒட்டி வெக்கிறதைப் பத்தி ஏன் பேசவே மாட்டேங்கறீங்க? எனக்கு போலியோ. 1984ல, 16 வயசுல, கணுக்காலுக்குக் கீழ இருக்குற மூணு மூட்டையும் அசையாம ஒட்டினாங்க. நாப்பது வருசமா ஓடுது, பழனி படியே ஏறியிருக்கேன்.

ப: ஏறியிருப்பீங்க சார், உங்களுக்கு அது சரியான முடிவு. ஆனா போலியோ ஒரு தடவை அடிச்சிட்டு நின்னுடும், தொடு உணர்ச்சியும் போகாது, செருப்புல கல் இருந்தா உங்களுக்குத் தெரியும். அந்த 14 வயசுப் பையனுக்கு நோய் கூடிக்கிட்டே போகும், பாதமும் மரத்துப்போகும். ஒட்டின பாதம் வளைஞ்சு குடுக்காது, அந்த அதிர்ச்சி மொத்தமும் கணுக்காலுக்குப் போகும்.

கே: (அவரேதான்) தியரி வேற, அனுபவம் வேற டாக்டர்.

கே: (இன்னொருத்தர்) அப்போ இவருக்கு செஞ்சது தப்புன்றீங்களா?

ப: தப்புன்னு எங்க சொன்னேன்? பாதம் கல்லு மாதிரி இறுகிட்டா நானும் ஒட்டத்தான் செய்வேன். சின்ன வயசுல, அசையுற பாதத்துல, மூட்டைக் காப்பாத்தப் பாருங்கன்றேன்.

கே: (போலியோ சார்) ரெண்டு வருசமா சாயங்காலம் ஆனா கணுக்கால் வீங்குது, அது வேற விஷயம்.

ப: அது வேற விஷயமே இல்ல சார்! இதை முதல்ல சொல்லியிருந்தா இவ்ளோ சண்டை போட்டிருக்க வேணாம்.

கே: நரம்பை வெட்டினா திரும்ப வளருமா?

ப: மேல படிங்க.

கே: மாவுக்கட்டு எத்தனை நாள்?

ப: ஆறு வாரம் மாதிரி, அப்புறம் பட்டை, பிசியோ. இடம் மாறின தசைக்குப் புது வேலை கத்துக்குடுக்கணும்ல.

கே: (போலியோ சார்) எக்ஸ்ரே எடுத்து அனுப்பட்டுமா?

ப: அனுப்புங்க சார். ஆனா நின்னுக்கிட்டு எடுத்தது, படுத்துக்கிட்டு எடுத்தது வேணாம்.