கடலோர ஈரநில ஆய்வுப் படிப்பு: தேவிபட்டினத்துத் தந்தைக்கு ஒரு பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் 2 படிக்கும் தங்கள் மகள், அலையாத்திக் காடுகளையும் ஆற்று முகத்துவாரங்களையும் செயற்கைக்கோள் படங்களின் வழியே ஆராயும் விஞ்ஞானியாக விரும்புவதாகவும், அப்படியொரு படிப்பை நம்பிப் பிழைக்க முடியுமா என்று உறவினர்கள் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பிழைக்க முடியும், ஆனால் நிலையான வேலை தாமதமாகவே வரும். முதுகலை வரை ஐந்து ஆண்டுகள், முனைவர் பட்டத்துக்கு மேலும் நான்கைந்து ஆண்டுகள் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அறிவியல் ஆய்வு மாணவர்களுக்கான தேசியத் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும் பின்னர் 42,000 ரூபாயும் கிடைக்கும் என்பதால், அந்தக் காலத்தில் தங்கள் கையை அவர் எதிர்பார்க்க வேண்டியிருக்காது.

இந்த ஆய்வு கணினி முன்னால் அமர்ந்து படம் பார்க்கும் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். பச்சை இலை, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும், தண்ணீர் அதை ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சிக்கொள்ளும் என்ற இயற்பியலே இதன் அடிப்படை. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில் (படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர்) ஐந்து நாட்களுக்கு ஒருமுறை எடுக்கும் படங்களும், 1972 முதல் சேர்ந்திருக்கும் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களும் எவருக்கும் இலவசம். ஆனால் நம் கரையில் அலையாத்திக்குப் பின்னாலேயே சீமைக்கருவேலம் மண்டிக்கிடக்கிறது. மேலிருந்து பார்த்தால் இரண்டும் பச்சைதான். ஓதம் (கடல்நீரின் அன்றாட ஏற்றவற்றம்) ஏறியிருக்கும்போது எடுத்த படத்தில் நீரில் மூழ்கிய சேற்றுநிலம், வற்றியிருக்கும்போது எடுத்த படத்தில் தரையாகத் தெரியும். இவற்றைப் பிரித்தறிய, காரங்காட்டு அலையாத்திக் காட்டின் சேற்றில் இறங்கி எது வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரம், எது சீமைக்கருவேலம் என்று இடம் குறித்து வந்தவரால்தான் முடியும். கடற்கரையில் பிறந்து, ஓதத்தின் நேரம் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு இதில் இருக்கும் அனுகூலம் சிறியதல்ல. பெண் பிள்ளை களத்துக்குப் போவதா என்ற தங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. களப்பணிக்குக் குழுவாகவே செல்வார்கள், பெண் ஆய்வாளர்களும் இத்துறையில் பலர் இருக்கிறார்கள்.

ஆய்வுக்கான கேள்விகளுக்கும் நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. வைகை நீர் பெரும்பாலான ஆண்டுகளில் இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிறது. வண்டல் வந்து சேராத கழிமுகத்தின் கரை எப்படி மாறுகிறது என்பதே ஒரு முழு ஆய்வுக்குப் போதுமானது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் ஆகிய பறவைகள் சரணாலயங்களும் மன்னார் வளைகுடாவும் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பிறகு, அவற்றை வரைபடமாக்கித் தொடர்ந்து கண்காணிக்கத் தெரிந்தவர்களின் தேவை கூடியிருக்கிறது.

இளநிலையிலேயே 'ரிமோட் சென்சிங்' (தொலையுணர்வு, அதாவது செயற்கைக்கோள் போன்றவற்றால் தொலைவிலிருந்து நிலத்தை ஆராய்வது) என்ற பெயருள்ள படிப்பைத் தேடி அலைய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நிலவியல், இயற்பியல், புவியியல் ஆகியவற்றுள் ஒன்றை நல்ல கல்லூரியில் படிக்கட்டும். பொறியியல்தான் வேண்டுமென்றால் கிண்டிப் பொறியியல் கல்லூரியில், வரைபடத் தரவுகளைக் கணினியில் கையாளும் புவித்தகவலியல் இருக்கிறது. முதுகலைக்கு அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வுத் துறை காரைக்குடியிலும், கடலியல் மற்றும் கடலோரப் பகுதி ஆய்வுத் துறை தங்களுக்கு அருகிலுள்ள தொண்டியிலும் இயங்குகின்றன. எந்த வழியில் போனாலும் கணிதத்தையும் புள்ளியியலையும் கைவிடக் கூடாது; இத்துறையில் பின்தங்குகிறவர்களில் பெரும்பாலோர் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

வேலையைப் பொறுத்தவரை, சென்னையிலுள்ள தேசிய நிலைத்த கடலோர மேலாண்மை மையம், ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையம், இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், பல்கலைக்கழகங்கள், சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்கள் ஆகியவை இத்திறனுக்கு இடமளிப்பவை. தொடக்கத்தில் கிடைப்பவை பெரும்பாலும் திட்டக்காலம் வரையிலான ஒப்பந்தப் பணிகளே என்பதையும் அறிந்தே முடிவெடுங்கள்.

தனியார் மையங்களின் சான்றிதழ் படிப்புகளுக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். வரைபடங்களை உருவாக்க உதவும் க்யூ.ஜி.ஐ.எஸ். மென்பொருள் இலவசம், டேராடூனிலுள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் இணையவழியில் கட்டணமின்றி வகுப்புகள் நடத்துகிறது. பொதுத்தேர்வு முடிந்த விடுமுறையில், தேவிபட்டினத்துக் கரையின் இருபது ஆண்டுக்கால மாற்றத்தைத் தங்கள் மகளே வரைபடமாக்கிப் பார்க்கட்டும்; அதன் பிறகும் ஆர்வம் குறையாமல் இருந்தால், மதிப்பெண் பட்டியலோடு இருவரும் என்னை வந்து பாருங்கள், கல்லூரி விண்ணப்பங்களைச் சேர்ந்தே நிரப்புவோம்.