டைட்டானிக் படத்தில் எவ்வளவு உண்மை?

ஜாக், ரோஸ் இருவருமே ஜேம்ஸ் கேமரூனின் கற்பனை. 1912 ஏப்ரல் 15 அதிகாலையில் கப்பல் மூழ்கி, சுமார் 1,500 பேர் இறந்தது உண்மை. இருந்த 20 படகுகளையும் நிரப்பியிருந்தாலும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் இடம்.

என்னைக் கேட்டால், படத்தின் பெரிய காதல் சில நொடிகள்தான் வருகிறது. தண்ணீர் புகும் அறையில் கட்டிப்பிடித்துப் படுத்திருக்கிறார்களே, அந்த வயதான தம்பதி! நியூயார்க்கின் மேசிஸ் கடை உரிமையாளர்களில் ஒருவரான இசிடோர் ஸ்ட்ராஸும் மனைவி ஐடாவும்தான் அவர்கள். பெண்களும் குழந்தைகளும் காத்திருக்கும்போது படகில் ஏற மாட்டேன் என்றார் இசிடோர். அவரை விட்டுப் போக மறுத்துவிட்டார் ஐடா. தன் ரோமக் கோட்டைப் பணிப்பெண்ணுக்குக் கொடுத்துப் படகில் அனுப்பிவைத்தார். ஆனால் கடைசியாக இருவரையும் பிறர் பார்த்தது மேல்தளத்தில், அறையில் அல்ல.

எனக்கு உறுத்துவது வில்லியம் மர்டாக் விஷயம். படத்தில் இந்த அதிகாரி பயணிகளைச் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொள்வார். அதற்கு உறுதியான சான்று கிடையாது. அவருடைய ஊர் ஸ்காட்லாந்தின் டால்பீட்டி. ஊர்க்காரர்கள் கொதித்துப்போனார்கள். 1998இல் படநிறுவன உயரதிகாரி ஒருவர் நேரிலேயே போய் மன்னிப்புக் கேட்டார், 5,000 பவுண்டும் கொடுத்தார். காட்சி மட்டும் அப்படியே இருக்கிறது.